சபையின் சூழல் குழுவில் உங்களைப் போட்டுவிட்டார்களா? கொப்பியும் பேனையும் எடுங்கள்

இலங்கையில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச் 19 ஓடு முடிந்தது. 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும் வரை செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபைகளைக் கொண்டுபோனார்கள். உறுப்பினர்கள் வீட்டுக்குப் போனபோது குழுக்களும் கூடவே படுத்துவிட்டன. இப்போது புதுச் சபைகள் வந்து திரும்ப ஆள் தேடுகின்றன. மாதர் சங்கத்தில் ஒருவர், மீனவர் சங்கத்தில் ஒருவர், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், வர்த்தகர் சங்கம், பிறகு கட்டாயமாக ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். உங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் கொஞ்சம் இருந்து வாசியுங்கள்.

நான் மட்டக்களப்பு எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்குப் பக்கம்) சோற்றுப் பார்சல் கட்டி விற்கிறவள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் ஒரு பிரதேச சபையின் சூழல் குழுவில் இருக்கிறேன். எந்தச் சபை என்று எழுதமாட்டேன். குறை சொல்லவேண்டிய இடத்தில் சொல்லப்போகிறேன், நாளைக்கும் அந்தப் படியில்தான் ஏறவேண்டும்.

கடிதத்தை முதலில் வாசியுங்கள்

பிரதேச சபை என்றால் உங்கள் குழுவுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, சபை தனக்கு ஆலோசனை சொல்லக் குழுக்களை அமைக்கலாம் என்கிறது. அந்தக் குழுவில் உறுப்பினர்களோடு அந்தப் பிரதேசத்தில் குடியிருக்கும் மற்றவர்களும் இருக்கலாம். நிதி, வீடமைப்பு, தொழினுட்ப சேவை என்று போகும் குழுக்களின் வரிசையில் சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் என்று ஒன்று வரும். அதுதான் நம்முடையது. மாநகர சபைக்கு 1947 இன் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நகர சபைக்கு 1939 இன் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அங்கே இருக்கிறவர்கள் தங்கள் குழு எந்தத் தீர்மானத்தின்படி அமைந்தது என்று கேட்டு, அந்தத் தீர்மானத்தின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தவிசாளர் வாய்ச்சொல்லில் கூட்டிய குழு, தவிசாளருக்கு மனம் மாறினால் கலைந்துவிடும். தீர்மானத்தில் ஏறிய குழுவைக் கலைப்பதற்கும் தீர்மானம் வேண்டும். கடிதத்தில் மூன்று விஷயம் தேடுங்கள்: எத்தனை காலத்துக்கு, யார் கூட்டுவது, குழுவின் சிபாரிசு எந்த வழியால் சபைக்குப் போகும். மூன்றாவது பெரும்பாலும் இருக்காது. செயலாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

குழுவுக்கு அதிகாரம் கிடையாது. யாருக்கும் தண்டம் அடிக்க முடியாது, குப்பை ஏற்றும் டிரெக்டர் வண்டியைத் திருப்பிவிட முடியாது, ஒரு சதம் செலவழிக்க முடியாது. சிபாரிசு செய்யலாம். சபை மாதாந்தம் கூடும்போது அதை எடுத்துப் பேசித் தீர்மானம் போட்டால்தான் காசும் ஆளும் அசையும். இதைக் கேட்டுச் சிலர் முதல் கூட்டத்தோடேயே நின்றுவிடுகிறார்கள். ‘அதிகாரம் இல்லாத குழுவில் இருந்து என்னகா செய்யிற?’ என்று என் மச்சாளும் கேட்டாள். எழுத்தில் போன சிபாரிசுக்குச் சபை ஏதாவது பதில் சொல்லியாகவேண்டும் என்பதுதான் என் பதில். ஏற்றாலும் பதிவு, தள்ளினாலும் பதிவு. வாயால் சொன்னதுக்கு இரண்டும் இல்லை.

குப்பை வண்டியோடு ஒரு சுற்றுப் போங்கள்

முதல் கூட்டத்துக்கு முன் இதைச் செய்துவிடுங்கள். விடியப் போய், ஊழியர்களிடம் கேட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளிலோ ஓட்டோவிலோ பின்னால் போனால் போதும். சபை அலுவலகத்தில் ஒரு வருடம் கேட்டாலும் தெரியாதது ஒரு காலையில் தெரியும்.

எங்கள் ஒழுங்கைக்குத் திங்கட்கிழமை வண்டி வராது. வட்டாரத்து உறுப்பினர் டிரெக்டர் பழுது என்றார், வேறொருவர் ஆள் இல்லை என்றார். டிரைவர் தம்பி சொன்னது வேறு: ‘அக்கா, சனி ஞாயிறு கல்யாண மண்டபத்துக் குப்பை ஏத்தினாலே பெட்டி நிரம்பிரும். பொறகு எங்க உங்கட ஒழுங்கைக்கு வாற?’ நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். மிச்சச் சோறு, தண்ணிப் போத்தல், கடதாசித் தட்டு, அலங்காரப் பூ எல்லாம் ஒன்றாய்க் கலந்து, கறித்தண்ணி ஒழுக ஒழுக உரபேக்கில் கிடந்தது. இரண்டு மண்டபம், ஒரு டிரெக்டர் பெட்டி. ஒழுங்கைக்கு வண்டி வராததுக்குக் காரணம் அதுதான்.

சுற்றுப் போகும்போது எழுதவேண்டியவை: பெட்டி எந்த இடத்தில் நிரம்புகிறது, எந்த வீட்டார் பிரித்துக் கொடுக்கிறார்கள், பிரித்துக் கொடுத்ததை வண்டியில் திரும்பக் கலக்கிறார்களா. கடைசிக் கேள்விக்குப் பதில் ‘ஓம்’ என்றால் வீட்டுக்கு வீடு துண்டுப்பிரசுரம் கொடுக்கும் யோசனையைக் கூட்டத்தில் யார் கொண்டுவந்தாலும் எதிர்த்துப் பேசுங்கள். பச்சை வாளியில் உக்கும் குப்பை, நீலத்தில் கடதாசி, செம்மஞ்சளில் பிளாஸ்டிக், சிவப்பில் கண்ணாடி, கபிலத்தில் உலோகம் என்று ஐந்து வாளி வைத்த பெண், தன் கண் முன்னே எல்லாம் ஒரே பெட்டியில் விழுவதைப் பார்த்தால் மறுவாரம் ஒரு வாளிதான் வைப்பாள். நானும் அதைத்தான் செய்வேன்.

ஊழியர்களின் கையுறை, சப்பாத்து, மாதச் சம்பளமா நாட்சம்பளமா என்பதையும் கேளுங்கள். இது சூழலா என்று அதிபர் ஐயா கேட்பார். காலில் கண்ணாடி ஏறிய மனிதன் மூன்று நாள் வேலைக்கு வராவிட்டால் மூன்று நாள் குப்பை தெருவில் கிடக்கும். அதுவும் சூழல்தான்.

இது யாருடைய வேலை?

குழுவில் போகும் நேரத்தில் பாதி இந்தக் கேள்வியில்தான் போகிறது. சரியான ஆளைக் கண்டுபிடிக்கிறவர்தான் குழுவில் பெறுமதியான ஆள்.

தெருக்குப்பை, வீட்டுக்குப்பை, அதைக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் ஆகியவற்றில் சந்தேகமே இல்லை. பிரதேச சபைகள் சட்டத்தின் 93, 94, 95 ஆம் பிரிவுகள், நகர சபைக்கு 118, 119, 120, மாநகர சபைக்கு 129, 130, 131. அள்ளுவது சபையின் கடமை, அள்ளிய குப்பை சபையின் சொத்து, போடும் இடம் ஒழுங்குபண்ணுவதும் சபையே. இந்த இலக்கங்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ‘நாங்கள் என்ன செய்வது’ என்று யாராவது கையை விரித்தால் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.

தண்ணீருக்கு வந்தால் சிக்கல். மழைக்கு ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது என்று வையுங்கள். தண்ணி போகும் வழியோடு நடங்கள். ஒழுங்கையும் அதன் வடிகானும் சபைக்குரியவை. அது போய்ச் சேரும் பெரிய கான் கல்முனைப் பிரதான வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. மாகாண வீதி என்றால் மாகாணத் திணைக்களம். நடுவில் யாரோ வயலை நிரப்பி மதகை மூடியிருந்தால் கமநல சேவை நிலையம். கான் வாவியில் விழும் இடத்துக்கு வந்துவிட்டீர்களென்றால் அது கரையோர வலயம். 1981 இன் 57 ஆம் இலக்கச் சட்டமும் 2011 இல் வந்த திருத்தமும் சேர்ந்து, கடலோடு தொடுப்புள்ள வாவியின் விளிம்பிலிருந்து 100 மீற்றர் நிலத்தையும் அந்த வலயத்துக்குள் கொண்டுவருகின்றன. அங்கே மண் போட்டு நிரப்புகிறவரைக் கேட்கவேண்டியது கரையோரம் பேணல் திணைக்களம். கண்டல் மரத்தை வெட்டினால் வன இலாகா. ஒரே ஒரு கான், இத்தனை கந்தோர்.

முகத்துவாரம் வெட்டுவதை, அதாவது வாவி கடலில் சேரும் இடத்து மண்திட்டை வெட்டித் திறப்பதை, குழுவில் எடுக்கவே எடுக்காதீர்கள். மாரியில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் மூழ்கத் தொடங்கினால் வெட்டச் சொல்லிக் குரல் வரும். வெட்டினால் வாவித் தண்ணி இறங்கும், உப்பு ஏறும், இறால் பிடிக்கிறவர்களின் கணக்கு மாறும். அது அரசாங்க அதிபர் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களமும் விவசாயிகளும் மீனவர்களும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்து பேசும் விஷயம். நம் மேசையில் அதைப் போட்டால் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை, முடிவு பூச்சியம்.

நுளம்பு சபைக்கும் மற்றக் கந்தோருக்கும் நடுவில் நிற்கிறது. தெருக்கானில் பெருகினால் சபை. வளவுக்குள் இளநீர்க் கோம்பையிலும் பழைய டயரிலும் பெருகினால் 2007 இன் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தின் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார். இளநீர்க் கடைக்காரரின் கோம்பையை அள்ளுவது திரும்பவும் சபை. பிஎச்ஐயைக் குழுவுக்கு அழையுங்கள், அவர் வராத கூட்டம் அரைக் கூட்டம்தான்.

அடுத்தவர் வேலை என்று தெரிந்தவுடன் ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று விடச் சொல்லவில்லை. சபையின் கடிதத் தலைப்பில், செயலாளரின் கையொப்பத்தோடு அந்தக் கந்தோருக்கு ஒரு கடிதம், பிரதேச செயலகத்துச் சுற்றாடல் உத்தியோகத்தருக்குப் பிரதி. மாவட்டச் சுற்றாடல் குழு கச்சேரியில் கூடும்போது அந்தக் கடிதம் பேசும். நீங்கள் தனியாளாக எழுதும் கடிதத்துக்கும் அதற்கும் கிடைக்கும் கவனிப்பு வேறு வேறு.

சின்ன விஷயமாக ஒன்றைப் பிடியுங்கள்

‘பொலித்தீன் இல்லாத ஊர்’ என்று தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். நானே ஒரு காலத்தில் லஞ்ச் சீற் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சோறு கட்டியவள். 2017 செப்டம்பர் 1 இல் வர்த்தமானி வந்து லஞ்ச் சீற், றெஜிபோம் பெட்டி, 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன், பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது எல்லாம் தடை என்றார்கள். தடை நாட்டுக்கு வந்தது. கடைக்கு வர வேறு வேலை வேண்டியிருந்தது. வாழையிலை மாரியில் மலிவு, கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காற்றுக்குக் கிழிந்து விலை ஏறும். உக்கும் தாள் என்று விற்றதில் எது உண்மையில் உக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியாது. குழு செய்யக்கூடியது இந்த இடைவெளிதான். இலை வெட்டிக் கொடுக்கும் படுவான்கரைத் தோட்டக்காரர் ஒருவரையும் ஊரிலுள்ள சாப்பாட்டுக் கடைகளையும் ஒரு மேசையில் இருத்தினால் பத்து விளம்பரப் பலகையை விட அதிகம் நடக்கும்.

மண்டபக் குப்பைக்கு வருகிறேன். குழுவில் முதலில் வந்த யோசனை, துணைவிதி போட்டுத் தண்டம் அடிப்பது. துணைவிதிக்கு மாகாண மட்டத்தில் அங்கீகாரம் வேண்டும், வர்த்தமானியில் வரவேண்டும். அதுவரைக்கும் எத்தனை கல்யாணம் நடந்து முடியும்? அதை ஒருபக்கம் வைத்துவிட்டு, சபை இன்றைக்கே செய்யக்கூடியதைக் கேட்டோம். மண்டபங்களுக்குத் தனிச் சுற்று, அதற்குக் கட்டணம், மிச்சச் சோறு தனி வாளியில், போத்தல் தனி உரபேக்கில். பிரிக்காத குப்பையை ஏற்றாமல் விட்டு வர ஊழியருக்கு எழுத்தில் அனுமதி. கடைசி வரிதான் உயிர். அது இல்லாவிட்டால் மண்டபச் சொந்தக்காரர் தவிசாளருக்கு ஒரு அழைப்பு எடுத்தவுடன் ஊழியர் அள்ளித்தான் ஆகவேண்டும்.

இப்படி விஷயம் தெரிவுசெய்யும்போது நான் பார்ப்பது: சபை தன் சொந்த ஆளை வைத்துச் செய்யக்கூடியதா, ஆறு மாதத்துக்குள் கண்ணுக்குத் தெரியுமா, யாருக்காவது வருமானம் குறைகிறதா. மூன்றாவதுக்கு ‘ஓம்’ என்றால் அந்த ஆளைக் கூட்டத்துக்கு முன்பே போய்ச் சந்தியுங்கள். சபையில் வைத்து முதல்முதல் கேள்விப்பட்டால் எதிரியாகிவிடுவார்.

கூட்டறிக்கை

எங்கள் குழுவில் ஆரம்பத்தில் எழுதிய கூட்டறிக்கை இப்படி இருந்தது: ‘திண்மக்கழிவு தொடர்பாக விரிவாகக் கலந்துரையாடப்பட்டது. ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது.’ யார் ஆவன செய்வது? எப்போது? இந்த இரண்டு வசனத்தையும் எந்தக் கூட்டத்துக்கும் எழுதலாம், எங்கள் கொப்பியில் பல பக்கத்தில் இருக்கிறது.

இப்போது நான் பக்கத்தில் இருந்து இப்படி எழுதுவிக்கிறேன்:

‘பிரதான வீதியிலுள்ள இரு மண்டபங்களின் கழிவை ஞாயிறு பின்னேரம் தனிச் சுற்றில் எடுக்க வேண்டுமெனக் குழு சிபாரிசு செய்கிறது. கட்டண அளவைச் சபையின் வருமானப் பரிசோதகர் கணித்து அடுத்த கூட்டத்தில் சமர்ப்பிப்பார். பிரிக்கப்படாத கழிவை ஏற்க மறுக்க ஊழியருக்குச் செயலாளர் எழுத்து மூலம் அனுமதி வழங்குவார். சிபாரிசைச் சபையின் அடுத்த மாதக் கூட்டத்தில் குழுத் தலைவர் முன்வைப்பார்.’

பதவி, வேலை, நாள். பெயரை விடப் பதவி நல்லது, ஏனென்றால் இடமாற்றம் வந்தாலும் பதவி அங்கேயே இருக்கும்.

இதோடு ஒன்று சேர்க்கவேண்டும்: பழுதுபார்ப்பது யார்? அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டை எல்லாரும் அறிவார்கள். அக்கம்பக்கத்து ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே போய்க் குவிந்தது. யானை வராமல் மின்வேலி போட்டிருந்தார்கள். 2014 இல் மின்னல் விழுந்து வேலி பழுதானது, திருத்தவில்லை. யானைகள் சோற்றோடு பொலித்தீனையும் தின்றன. எட்டு வருடத்தில் சுமார் 20 யானை செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. வேலி போட்டபோது காசு இருந்தது, படம் பிடிக்கவும் ஆள் இருந்திருக்கும். ஆகவே உங்கள் குழு கொம்போஸ்ட் தொட்டி கேட்டாலும் சரி, வாவிக் கரையில் வலை கட்டக் கேட்டாலும் சரி, அடுத்த வருடம் அதைத் திருத்தும் செலவு எந்தத் தலைப்பில் என்று அதே பக்கத்தில் எழுதுவியுங்கள்.

குப்பை மேட்டு இடம் பற்றிப் பேச்சு வந்தால் 2017 ஐ ஞாபகப்படுத்துங்கள். அந்த வருடம் ஏப்ரல் 14 இல், வருடப் பிறப்பன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதே வருடம் இங்கே திருப்பெருந்துறைக் குப்பை மேடு தீப்பற்றியது, ஊரார் எதிர்த்து நின்றார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது. இடம் தேடும்போது, அந்த இடத்தில் வசிப்பவரில் ஒருவர் குழுவில் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பதுக்குக் காரணம் அதுதான்.

பாதீடு எப்போது, மழை எப்போது

சபையின் நிதி வருடம் தையில் தொடங்கி மார்கழியில் முடியும். பாதீடு வருடக் கடைசியில் சபைக்கு வரும். ஆனால் கார்த்திகையில் போய்க் கேட்டால் எல்லாத் தலைப்பும் நிரம்பியிருக்கும். காசு வேண்டிய சிபாரிசை ஆவணிக்குள் எழுத்தில் கொடுங்கள். செலவு மதிப்பீடு தொழினுட்ப உத்தியோகத்தர் கையால் வந்திருக்கவேண்டும். நம் கையால் எழுதிய தொகையை யாரும் பார்க்கமாட்டார்கள்.

வடிகான் துப்பரவு புரட்டாதிக்குள் முடியவேண்டும். ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துவிட்டால் கானுக்குள் இறங்கி அள்ள முடியாது. ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மூடிய தோணா, வாய்க்கால் எல்லாம் இதே கணக்குத்தான். அள்ளியதைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனால் முதல் மழைக்குத் திரும்ப உள்ளே போய்விடும். கூட்டறிக்கையில் ‘அள்ளி ஏற்றி அகற்றுதல்’ என்று எழுதுங்கள்.

மரநடுகை பற்றி எனக்குக் கோபம் உண்டு. யூன் 5 உலகச் சுற்றாடல் தினம் என்பதால் எல்லாரும் அன்றைக்குக் கன்று நடுகிறார்கள். யூனில் இங்கே கச்சான் காற்று, தரை கொதிக்கும். மாரி மழையை நம்பி வாழும் மண்ணில் யூனில் நட்ட கன்றுக்கு நாலு மாதம் வாளியில் தண்ணி சுமக்க யார் இருக்கிறார்கள்? குழுவில் நான் வைத்த யோசனை, யூன் 5 இல் கன்றுக்கு நாற்றுமேடை போடுவது, ஐப்பசி கார்த்திகையில் நடுவது. படம் எடுக்கிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கண்டலும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெல்லாம் கண்டல் நட்டார்கள், பெரும்பகுதி பிழைக்கவில்லை. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், மாடு மிதித்தது, நட்ட பிறகு யாரும் எட்டிப் பார்க்காதது. வாவியோரம் நடுவதென்றால் முதலில் மீன்பிடிக்கிற அண்ணன்மாரிடம் கேளுங்கள், எந்த இடத்தில் அலை கன்றைப் பிடுங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டுவது சபையின் வேலை என்பதையும் அதே கூட்டத்தில் ஞாபகப்படுத்தலாம்.

தொழில் உரிமம்

இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1980 இன் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி மாசு உண்டாக்கும் தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை தானே கொடுக்கும். பாதிப்புக் குறைந்தவை என்று பட்டியலிட்ட சிறு தொழில்களுக்கு அந்த அதிகாரத்தை உள்ளூராட்சிச் சபைகளிடம் ஒப்படைத்திருக்கிறது. அதாவது உங்கள் சபையே உரிமம் கொடுக்கும் இடம். குழுவில் ஒரு தடவை கேளுங்கள்: நம் எல்லைக்குள் உரிமம் எடுத்தவை எவை, காலம் முடிந்தவை எவை, எடுக்காமலே ஓடுகிறவை எவை. கானுக்குள் எண்ணெய் விடும் இடத்தைப் பற்றிக் கத்துவதை விட அந்தப் பட்டியலில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பது சுருக்கமான வழி.

பட்டியல் தராவிட்டால்

கேட்டால் ‘பார்த்துச் சொல்றம் மிஸ்’ என்பார்கள். இரண்டு கூட்டம் பாருங்கள். மூன்றாவதுக்கு 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். சபையிலேயே தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கவேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, காரணம் சொல்லவும் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பில் ஆணைக்குழு.

கேள்வியை ஒடுக்கமாகக் கேளுங்கள். ‘குப்பை பற்றிய எல்லாத் தகவலும்’ என்றால் ஒன்றும் வராது. ‘கடந்த வருடம் தனியார் நிறுவனங்களிடமிருந்து கழிவகற்றல் கட்டணமாகப் பெற்ற தொகை, நிறுவன வாரியாக’ என்றால் வரும். உள்ளே குழுவில் இருந்துகொண்டு வெளியே விண்ணப்பம் போடுவது சரியா என்று என்னைக் கேட்டார்கள். நான் தேநீரோடு போய்த் தகவல் உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போட்டேன். அந்தப் பிள்ளைக்கும் நிம்மதி. தானாகக் கொடுத்தால் மேலிடத்தில் பேச்சு விழும், விண்ணப்பம் வந்தால் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

எல்லைச் சண்டை

எழுவான்கரையில் சபைகள் நெருக்கம். ஒரு தெருவின் இந்தப் பக்கம் ஒரு சபை, அந்தப் பக்கம் இன்னொன்று. நடுவில் கிடக்கும் குப்பை எப்போதும் மற்றவருடையது. இந்தப் பேச்சு வெகு சீக்கிரம் தமிழர் குப்பை, முஸ்லிம் குப்பை என்று போய்விடும். போகவிடாதீர்கள். இடத்தை மின்கம்ப இலக்கத்தால் சொல்லுங்கள். ‘அவங்கட பக்கம்’ என்று யாராவது சொன்னால் ‘எத்தனையாம் கம்பம்?’ என்று கேட்பேன், பேச்சு கீழே இறங்கும். இரண்டு சபையின் மேற்பார்வையாளர்களும் அந்தக் கம்பத்தடியில் நின்று, ஒரு கிழமை நீ ஒரு கிழமை நான் என்று பேசி முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். தவிசாளர்கள் பேசப்போயிருந்தால் பத்திரிகைக்காரரும் வந்திருப்பார்கள்.

விலகும்போது

குழுக் காலம் முடியும், அல்லது உங்களுக்கே அலுக்கும். அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று. கூட்டறிக்கை, அனுப்பிய கடிதம், வந்த பதில், சபைத் தீர்மான இலக்கம் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரு கோவையில் போட்டுப் பிரதி எடுங்கள். ஒன்று சபைக்கு. இன்னொன்று சபையின் பொது நூலகத்துக்கு, உசாத்துணைப் பகுதியில் வைக்கச் சொல்லி. அடுத்த குழுவுக்கு வருகிறவர் அலுமாரித் திறப்பைத் தேடி அலையவேண்டியதில்லை. நூலகர் வாங்கத் தயங்கினால் செயலாளரிடம் ஒரு வரிக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள், ஏற்றதுக்கு நூலகரின் கையொப்பமும் முத்திரையும் உங்கள் பிரதியில் வாங்கி வையுங்கள்.